உறுதியில் ஏற வேண்டிய ஒரு வரி

(தெஹிவளையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இத்தகைய சொற்பொழிவுகளுக்கு இலக்கியமோ சமயமோ பொருளாவதுதான் வழக்கம். இன்று காணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிகளில் வாழ்கிறோம். ஆனால் நம் வீட்டு அலுமாரிகளில், பொலித்தீன் உறைக்குள், கோப்பாயிலோ அளவெட்டியிலோ முள்ளியவளையிலோ மூதூரிலோ இருக்கும் ஒரு காணியின் உறுதி பத்திரமாக இருக்கிறது. சிலருக்கு அது முதுசம். சிலருக்குச் சீதனம். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வந்து தோட்டம் கொத்தப் போவதில்லை என்பது நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அந்தக் காணியை என்ன செய்வது? வீட்டுக்கு வீடு இந்தக் கேள்வி இருக்கிறது. இரண்டு விடைகள்தான் வழக்கத்தில் உண்டு. விற்றுவிடுவது ஒன்று, பற்றை மூட விட்டுவிடுவது மற்றது. விற்றால் வாங்குகிறவர் துண்டு துண்டாகப் பிரித்து வீட்டுக்காணியாக விற்பார். பற்றை மூடினால் எல்லைக்கல் நகரும், வழக்கு வரும், ஒரு நாள் யாரோ ஓர் அதிகாரி வந்து அடையாளமிடுவார். மூன்றாவது வழி ஒன்று உலகின் பல நாடுகளில் இருக்கிறது. காணியை உரிமையாளரே வைத்துக்கொள்ளலாம், பயிர் செய்யலாம், பிள்ளைக்கு எழுதலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அதைத் துண்டாடும் உரிமையையும், கட்டடம் எழுப்பும் உரிமையையும், காட்டை வெட்டும் உரிமையையும் மட்டும் தானாக விரும்பி விட்டுக்கொடுத்து, அந்த வாக்குறுதியை உறுதியில் எழுதிப் பதிந்துவிடுகிறார். அதன்பின் அந்தக் காணி யார் கைக்குப் போனாலும் வாக்குறுதியும் கூடவே போகும். இதை இன்று பேணல் உரிமை என்று அழைக்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இலங்கையில் காடும் வயலும் இதுவரை வர்த்தமானியால் காக்கப்பட்டன, அல்லது காக்கப்படாமல் போயின. இனி அவை உறுதியாலும் காக்கப்பட வேண்டும். அதற்கு வேண்டிய சட்ட மரபு நம்மிடம் ஏற்கனவே உண்டு. இல்லாதது ஒரு சட்டமும், அதைக் கேட்கும் மக்களும்தான்.

1840: ஒரே ஆண்டு, இரண்டு சட்டங்கள்

இந்த நாட்டின் காணி வரலாற்றில் 1840ஆம் ஆண்டை விட்டுவிட்டு எதையும் பேச முடியாது. அந்த ஆண்டில் ஆங்கில ஆட்சி இரண்டு கட்டளைச் சட்டங்களைக் கொண்டுவந்தது. 12ஆம் இலக்கச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியது என்று அனுமானித்தது. நிரூபிக்கும் சுமை கிராமத்தான் தலையில் விழுந்தது. அவன் பாட்டன் காலத்திலிருந்து சேனை செய்த காடு, விறகு பொறுக்கிய காடு, ஒரு கடதாசி இல்லாத காரணத்தால் அரசின் காடானது. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் கிடைத்த வழி அதுதான். இன்று இந்தத் தீவின் நிலத்தில் ஏறத்தாழ எண்பது வீதம் அரசுடையது என்று சொல்லப்படுகிறதே, அதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

அதே ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் மோசடித் தடுப்புச் சட்டம். காணியை விற்பதோ, ஈடு வைப்பதோ, அதன்மேல் ஒரு சுமையை ஏற்றுவதோ நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகள் முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லும் என்றது அது. நம் அலுமாரியில் இருக்கும் உறுதிக்கு உயிர் தந்தது இந்தச் சட்டம்.

ஒன்று காட்டை அரசின் கையில் கொடுத்தது. மற்றது தனியார் காணியை எழுத்தின் கையில் கொடுத்தது. அன்று தொடக்கம் காட்டைக் காக்க வேண்டும் என்றால் அரசு தன் கையிலிருந்த கருவியையே எடுத்தது. 1907இன் காட்டுச் சட்டம், 1937இன் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டம், 1988இன் தேசிய மரபுரிமை வனச் சட்டம் எல்லாம் வர்த்தமானி அறிவித்தலில்தான் உயிர் பெறுகின்றன. சிங்கராஜக் காட்டைக் காத்தது அந்த முறைதான். அதை மறுக்க முடியாது. பெரிய, தொடர்ச்சியான, அரசுக்குச் சொந்தமான காட்டுக்கு அது பொருந்தும். இரண்டு ஏக்கர் தென்னந்தோட்டத்துக்கும், ஆற்றங்கரையில் ஒரு குடும்பம் வெட்டாமல் விட்டுவைத்த காட்டுத் துண்டுக்கும், வலிகாமத்துச் செம்மண் தோட்டத்துக்கும் அது பொருந்தாது.

பங்குக் கிணறும் வழிவாய்க்காலும்

அத்தகைய காணிக்கு உதவும் மரபு நம் உறுதிகளிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்து உறுதி ஒன்றை எடுத்து அட்டவணையை வாசித்துப் பாருங்கள். முதலில் காணியின் பெயர் வரும். பிறகு பரப்பு, குழிக் கணக்கு. பிறகு கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று நான்கு எல்லை. அதற்குப் பிறகுதான் சுவையான இடம் வரும்: அயற்காணியில் உள்ள கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, அதற்குப் போகும் வழி, தண்ணீர் வரும் வாய்க்கால், இவற்றின் பாவனை உரிமை. கிணறு இருப்பது ஒருவர் காணியில். தண்ணீருக்கு முறை உண்டு பலருக்கு. துலா மிதித்த காலத்தில் இந்த முறை வந்தது. மோட்டார் வந்த பிறகும் அது மாறவில்லை. கிணறு உள்ள காணியை வாங்குகிறவர், "நான் காசு கொடுத்து வாங்கினேன், இனி யாரும் உள்ளே வரக்கூடாது" என்று சொல்ல முடியாது. அந்தப் பங்கு அவருடைய உறுதியிலும் ஏறியிருக்கும்.

ஆக, ஒருவருடைய காணி முழுக்க முழுக்க அவருடையது அல்ல, அதற்குள் இன்னொருவருக்கு உரிய பகுதி ஒன்று இருக்கலாம், அது தலைமுறைகளைத் தாண்டியும் நிற்கும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. தேசவழமை இதைவிட ஒரு படி மேலே போனது. ஒல்லாந்தர் காலத்தில், 1706இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, தமிழ் முதலிமார் பார்த்துச் சரி சொன்ன பின் 1707இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத் தொகுப்பில், காணி விற்கும்போது முதலில் வாங்கும் உரிமை பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் உண்டு. 1947இல் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. விற்கிறவன் அவர்களுக்கு அறிவிக்காமல் வெளியாளுக்கு எழுதினால் வழக்கு வைக்கலாம். காணி சந்தைப் பொருளாக மட்டும் இருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மரத்தின் மேலும் இப்படிக் கட்டுப்பாடு உண்டு. 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உங்கள் சொந்த வளவில் நிற்கும் பலாவையோ பெண்பனையையோ அனுமதி இல்லாமல் தறிக்க முடியாது. பஞ்சம் வந்தால் ஊருக்குச் சோறு போடும் மரங்கள் என்ற நினைப்பில் எழுந்த சட்டம் அது.

மற்ற நாடுகள் எப்படிச் செய்தன

இந்த முறை நன்றாக வேரூன்றிய நாடு அமெரிக்கா. 1959இல் வில்லியம் வைட் என்ற எழுத்தாளர் நகரைச் சூழ்ந்த திறந்தவெளிகளைக் காப்பது பற்றி எழுதிய அறிக்கை இந்தக் கருத்தைப் பரவலாக்கியது. 1981இல் மாநிலங்கள் பின்பற்றத்தக்க ஒரு மாதிரிச் சட்டம் வந்தது. அதன்பின் மாநிலம் மாநிலமாகச் சட்டமானது.

அங்கே விவசாயக் காணிக்கு இது எப்படிப் பயன்பட்டது என்பதற்குக் கலிபோர்ணியாவின் மரின் மாவட்டம் நல்ல எடுத்துக்காட்டு. சான்பிரான்சிஸ்கோவுக்கு மிக அருகில் உள்ள பால்பண்ணை நாடு அது. நகரம் பெருகியபோது பண்ணைகள் ஒவ்வொன்றாக வீட்டுத் திட்டங்களுக்குப் போகத் தொடங்கின. 1972இல் மாவட்ட நிர்வாகம் அறுபது ஏக்கருக்கு ஒரு வீடு என்று கட்டுப்பாடு போட்டது. அது காலம் வாங்கித் தந்ததே தவிர முடிவு தரவில்லை. அடுத்து வரும் நிர்வாகம் அதை மாற்றலாம், பண்ணைக்காரனுக்கோ அதனால் சல்லிக் காசு வரவில்லை. 1980இல் எலன் ஸ்ட்ராஸ் என்ற பால்பண்ணைப் பெண்மணியும் பிலிஸ் ஃபேபர் என்ற தாவரவியலாளரும் சேர்ந்து விவசாய நிலத்துக்கென ஓர் அறநிலையம் தொடங்கினார்கள். அந்த அறநிலையம் பண்ணைகளை வாங்கவில்லை. பண்ணையைத் துண்டாடும் உரிமையை மட்டும் வாங்கியது. பண்ணைக்காரன் அந்தக் காசில் கடனைக் கட்டினான், மாட்டுக் கொட்டிலைத் திருத்தினான், கூடப்பிறந்தவர்களின் பங்கைத் தீர்த்தான். இன்று 50,000 ஏக்கருக்கு மேல் அந்த முறையில் காக்கப்பட்டிருக்கிறது.

விலை எப்படிக் கணிக்கப்படுகிறது என்று கேட்பீர்கள். நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். தொகை வெறும் கற்பனை. 24 பரப்புத் தோட்டக்காணி, அதாவது ஒன்றரை ஏக்கர். வீட்டுக்காணியாகப் பிரித்து விற்கலாம் என்ற நிலையில் பரப்பு பத்து இலட்சம் போகிறது. தோட்டமாக மட்டுமே வைத்திருக்கலாம் என்று உறுதியில் எழுதிவிட்டால் பரப்பு ஆறு இலட்சம்தான் போகும். வித்தியாசம் பரப்புக்கு நான்கு இலட்சம். 24 பரப்புக்கும் சேர்த்து 96 இலட்சம். பேணல் உரிமையின் பெறுமதி அந்த 96 இலட்சம். அதை அறநிலையம் காசாகக் கொடுத்து வாங்கலாம். அல்லது உரிமையாளர் அதை நன்கொடையாகக் கொடுத்து, அந்த அளவுக்கு வரிச்சலுகை பெறலாம்.

வரிச்சலுகை வரும் இடத்தில் கள்ளமும் வரும். அமெரிக்காவில் சில இடைத்தரகர்கள் மலிவாக நிலம் வாங்கி, அதன் பெறுமதியைப் பல மடங்கு ஊதிக் காட்டி, பணக்கார முதலீட்டாளர்களுக்கு வரிக்கழிவாக விற்றார்கள். வரித் திணைக்களம் 2016 இறுதியில் இத்தகைய ஏற்பாடுகளைக் கண்காணிப்புப் பட்டியலில் போட்டது. 2022 இறுதியில், போட்ட முதலின் இரண்டரை மடங்குக்கு மேல் கழிவு கேட்க முடியாது என்று சட்டம் வந்தது. நாம் இந்த முறையைக் கொண்டுவந்தால் முதல் நாளிலேயே அந்த ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும்.

ஸ்கொட்லாந்து 2003இல், சிலி 2016இல், இங்கிலாந்து 2021இல் தத்தம் சட்டங்களை இயற்றின. நமக்கு மிக நெருங்கிய உறவு இவற்றில் எதுவும் அன்று. நமக்கு உறவு தென்னாபிரிக்கா. காரணம், அங்கேயும் காணிச் சட்டத்தின் அடித்தளம் ரோம-டச்சுச் சட்டம். 2003ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டத்தின் கீழ், தனியார் காணி உரிமையாளர் அரசோடு உடன்படிக்கை செய்து தன் பண்ணையின் ஒரு பகுதியை இயற்கை ஒதுக்கிடமாக ஆக்கலாம். அந்தச் செய்தி காணியின் உரித்துப் பத்திரத்தில் குறிக்கப்படும். வாங்குகிறவரையும் அது கட்டும். நம் சட்டத்தரணிகள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான்.

நம் சட்டத்தில் எங்கே தடக்குகிறது

இப்போது இருக்கும் சட்டத்தை வைத்துக்கொண்டே இதைச் செய்ய முடியாதா? பாதி முடியும், பாதி முடியாது.

ரோம-டச்சுச் சட்டத்தில் ஒரு காணி இன்னொரு காணிக்காகச் சுமை தாங்கும். வழி விடுவது, வாய்க்கால் விடுவது, அயலவரின் வெளிச்சத்தை மறைக்காமல் மதிலை உயர்த்தாமல் இருப்பது எல்லாம் அதில் அடங்கும். எனவே "இங்கே கட்டமாட்டேன்" என்ற வாக்குறுதியும் காணியின் மேல் ஏறக்கூடியதுதான். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. பயன் பெறும் காணி ஒன்று அருகில் இருக்க வேண்டும். அந்தக் காணிக்கு உண்மையான பயன் இருக்க வேண்டும். கொழும்பிலுள்ள ஒரு சங்கமோ, யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு பல்கலைக்கழகமோ அருகில் காணி இல்லாமல் அந்த உரிமையை நிரந்தரமாகப் பெற்றுக்கொள்ள இடமில்லை.

இதே சிக்கல் கொஸ்தாரிக்காவிலும் இருந்தது. அங்கே 1990களில் சட்டத்தரணிகள் கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி கண்டார்கள். அயலயலான இரண்டு காணிக்காரர் ஒருவருக்கொருவர் வாக்குறுதி எழுதிக்கொண்டார்கள்: என் காட்டை நான் வெட்டமாட்டேன், உன் காணிக்கு அது நன்மை, உன் காட்டை நீ வெட்டாதே, என் காணிக்கு அது நன்மை. இரண்டும் பதியப்பட்டன. ஒரே குளத்தின் கீழ், ஒரே வாய்க்காலின் ஓரம் காணி வைத்திருக்கும் நம் உறவுக்காரர்களும் இதைச் செய்து பார்க்கலாம். நல்ல நொத்தாரிசு ஒருவரும், சண்டை பிடிக்காத இரண்டு குடும்பமும் வேண்டும். இரண்டாவது கிடைப்பதுதான் கடினம்.

இன்னொரு வழி, தலைமுறைகளுக்குக் காணியைக் கட்டி எழுதுவது. நம் பாட்டன்மார் காலத்தில் பிடைக்கொமிசம் என்று ஒன்று இருந்தது. மகன் அனுபவிக்கலாம், விற்க முடியாது, பேரனுக்குப் போக வேண்டும் என்று எழுதுவார்கள். அதை 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது. செத்தவன் கை உயிரோடிருப்பவன் காணியைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது அதன் நியாயம். அந்த நியாயம் சரியானதே. பேணல் உரிமையைக் கேட்கும் நாமும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும், பிறகு வருகிறேன்.

மூன்றாவது வழி தருமசாதனம். கோயிலுக்கும் மடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காணி எழுதி வைத்த மரபு நம்முடையது. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் அறப்பணி என்பதற்குள் சமயத்தையும் கல்வியையும் வறுமை நீக்கத்தையும் மட்டுமன்றி, மனிதருக்கு நன்மை தரும் ஏனைய நோக்கங்களையும் சேர்த்திருக்கிறது. காட்டைக் காப்பது அதற்குள் வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் இதில் காணி முழுவதையும் விட்டுக்கொடுக்க வேண்டும். உரிமையையும் வைத்துக்கொண்டு வாக்குறுதியையும் கொடுக்கும் நடுவழி இதில் இல்லை. எத்தனை பேர் காணியையே எழுதிக் கொடுப்பார்கள்? அந்த நடுவழிக்குத்தான் புதுச் சட்டம் வேண்டும்.

அத்திட்டியவும் தம்புள்ளையும்

அந்த நடுவழி இல்லாததால் நேர்வதற்கு, நாம் இருக்கும் இடத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. இங்கிருந்து கிழக்கே கொஞ்சத் தூரம் போனால் பெல்லன்வில-அத்திட்டிய சரணாலயம். 372 ஹெக்டேயர். 1990 யூலையில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. வெரஸ் கங்கையை ஒட்டிய அந்தச் சதுப்பு ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம். வெள்ளம் அடிக்கடி ஏறியதால் வயல்கள் கைவிடப்பட்டன. புல்லும் நீர்த்தாவரமும் மூடின. வலசைப் பறவைகள் வந்தன. கொழும்புக்கு வெள்ளம் வந்தால் தண்ணீர் தங்கி நிற்கும் தொட்டி அது. 1992 யூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 493 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியதை இங்கே உள்ள மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2018இல் கொழும்பு சர்வதேச ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றதற்கும் இத்தகைய சதுப்புகளே காரணம்.

ஆனால் சரணாலய எல்லையோரம் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் லொறியில் வந்த கப்பி மண், கட்டட இடிபாடு. மறுபக்கம் குப்பை. நிரப்புவது கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். முதலில் ஒரு லோட், பிறகு ஒரு கம்பிவேலி, பிறகு ஒரு தகரக் கொட்டில். சரணாலயம் என்ற வகைக்குள் தனியார் காணியும் இருக்கலாம் என்பது சட்டம். பழைய வயற்காணிக்காரனுக்கு அந்த அறிவித்தல் கொடுத்தது என்ன? "செய்யாதே" என்ற ஒரு சொல். நெல்லும் விளையாது, கட்டவும் முடியாது, விற்றாலும் விலை போகாது. நகரத்தின் வெள்ளத்தை அவன் காணி தாங்குகிறது. நகரம் அவனுக்கு ஒரு சதம் கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவன் இரவில் ஒரு லொறி மண்ணுக்குச் சம்மதிப்பதில் வியப்பென்ன? அவனுடைய நிரப்பும் உரிமையைக் காசு கொடுத்து வாங்கிப் பதிந்திருந்தால், அந்தச் சதுப்பைக் காவல் காக்கும் முதல் ஆள் அவனாக இருந்திருப்பான்.

தம்புள்ளைக்கு வருவோம். தேயிலைத் தோட்டத் துரையாக இருந்த சாம் பொப்பம் என்பவர் 1963இல் அங்கே முட்பற்றை மூடிய ஒரு காணியை எடுத்தார். முதலில் மரக்கன்று நட்டார்; பெரும்பாலும் சரிவரவில்லை. பிறகு ஒன்றைக் கவனித்தார்: பற்றைக்குள்ளேயே காட்டு மரங்களின் கன்றுகள் ஒளிந்து நிற்கின்றன. பற்றையை மட்டும் வெட்டினார். கன்றுகளை விட்டார். முதிரையும் பாலையும் கருங்காலியும் வளரும் உலர்வலயக் காடு தானாக எழும்பி வந்தது. வன்னியில் காணி வைத்திருப்பவர்கள் இந்த முறையைக் கட்டாயம் அறிய வேண்டும். கன்றுக்குக் காசு தேவையில்லை, கத்தியும் பொறுமையும் போதும். ஆனால் நம் தலைப்புக்கு முக்கியமானது அடுத்த செயல். 1989இல் அந்தக் காட்டை அவர் அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்திடம் ஒப்படைத்தார். ஆள் போன பின்னும் காடு நிற்பதற்குக் காரணம் அந்த ஒப்படைப்பு. அதைச் செய்யாமல் போன எத்தனையோ நல்ல மனிதர்களின் தோப்புகள் அவர்களின் முப்பத்தோராம் நாளோடு மரக்காலைக்குப் போயிருக்கின்றன.

1894இல் தொடங்கிய வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அண்மைக் காலத்தில் இதற்கென்றே ஒரு துணை நிறுவனத்தை அமைத்து, தனியார் காணிகளை ஒன்றோடொன்று இணைத்துக் காட்டுத் தொடர்களாக்க முயல்கிறது. காணிக்காரர்களோடு உடன்பாடு செய்துகொள்கிறது. பாராட்டத்தக்க முயற்சி. ஆயினும் பேணல் உரிமைச் சட்டம் இல்லாத நாட்டில் வெறும் உடன்பாடு கையெழுத்திட்டவரைக் கட்டுமே தவிர, காணியை வாங்கிய மூன்றாம் ஆளைக் கட்டாது.

நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். 2000ஆம் ஆண்டு யூன் மாதம் எப்பாவல வழக்கில் உயர் நீதிமன்றம் மிகச் சிறந்த ஒரு தீர்ப்பைத் தந்தது. பொஸ்பேற் அகழ்வுக்காகத் தங்கள் வீடும் வயலும் போகும் நிலையில் இருந்த அநுராதபுர மாவட்ட விவசாயிகள் போட்ட வழக்கு அது. இயற்கை வளம் அரசின் சொத்தல்ல, மக்களுக்காக அரசு பொறுப்பேற்றிருக்கும் பொருள் என்ற கருத்தை நீதியரசர் அமரசிங்க அதில் நிலைநாட்டினார். ஆனால் உயர் நீதிமன்றம் வரை ஏறக்கூடியவர் எத்தனை பேர்? ஒரு பெரிய திட்டம் வந்தால் வழக்காடலாம். பரப்புப் பரப்பாகத் தோட்டம் வீட்டுக்காணியாவதை எதிர்த்து யார் மீது வழக்கு வைப்பது? அங்கே விற்கிறவரும் நாம்தான்.

வடக்கின் அச்சமும் மலையகத்தின் கேள்வியும்

காட்டைக் காப்பது என்று சொன்னவுடன் வடக்கிலும் கிழக்கிலும் நம் சனம் முகம் சுளிக்கும். அதில் நியாயம் உண்டு. போரில் இடம்பெயர்ந்து பல்லாண்டு கழித்துத் திரும்பியவன் தன் வயலைப் பார்த்தால் காடு வளர்ந்து நிற்கிறது. காடு என்று கண்டதும் திணைக்களம் எல்லைக்கல் போட்டுவிடுகிறது. 1840இன் அனுமானம் இன்னும் சாகவில்லை. 2025 மார்ச் 28இல் வெளியான வர்த்தமானி, வடக்கில் 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்றது. உரித்தாளிகள் பாதிப் பேர் வெளிநாட்டில், உறுதிகள் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன, மூன்று மாதத்தில் என்ன செய்வது? உயர் நீதிமன்றம் யூனில் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

இந்த அனுபவத்தின் காரணமாகவே பேணல் உரிமை நமக்கு ஏற்றது என்கிறேன். அதற்கு உரிமையாளரின் விருப்பம் வேண்டும், கையெழுத்து வேண்டும். காணி அவர் பெயரிலேயே இருக்கும். "இது காடுதான், ஆனால் ஆளில்லாக் காடு அல்ல, உரிமையாளர் உண்டு, அவர் இதைக் காடாக வைத்திருக்க உறுதி எழுதியிருக்கிறார்" என்று பதிவகத்தில் இருந்தால், அது தரிசு என்ற வாதத்துக்கே ஒரு பதில் ஆகும்.

சில எல்லைகளை முதலிலேயே போட வேண்டும். இன்னும் சொந்தக் காணி திரும்பக் கிடைக்காத வலிகாமம் வடக்கு மக்களிடமும், வீடு கட்ட ஒரு துண்டு தேடும் ஏழையிடமும் போய்க் கட்டாதே என்று கேட்கக் கூடாது. கேட்க வேண்டியது நம்மைப் போல் வேறு வீடு உள்ளவர்களை. மலையகத்தில் தோட்டங்களைக் காட்டுத் தொடராகப் பேண உறுதி எழுதும்போது, அந்த மண்ணில் தலைமுறைகளாக உழைத்தவர்களுக்கு வீட்டுக்காணி கொடுக்கும் கதவை அந்த உறுதி அடைத்துவிடக் கூடாது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் ஊரவர் பயன்படுத்தி வந்த பாதை இருந்தால் அது உறுதியில் எழுதப்பட வேண்டும்.

செத்தவன் கை என்ற பழைய கேள்விக்கும் இங்கே பதில் சொல்கிறேன். நிரந்தரம் என்பது மாற்றவே முடியாது என்றாகக் கூடாது. சூழ்நிலை உண்மையாகவே மாறிவிட்டால், காக்க வேண்டிய பொருள் இல்லாமற் போய்விட்டால், மாவட்ட நீதிமன்றம் விசாரித்து நிபந்தனையைத் திருத்தலாம் என்ற வாசல் சட்டத்தில் இருக்க வேண்டும். அந்த வாசல் வழியாகக் காணிக்காரரின் பேராசை மட்டும் நுழையக் கூடாது. நிபந்தனை நீங்கினால் விலை ஏறும் தொகை அறநிலையத்துக்கே போக வேண்டும்.

செய்ய வேண்டியவை

உறுதியில் ஏற வேண்டிய வரி எப்படி இருக்கும்? கோப்பாய்ப் பக்கத்துத் தோட்டக்காணி ஒன்றுக்கு நான் இப்படி எழுதுவேன். இக்காணி எக்காலத்தும் பத்துப் பரப்புக்குக் குறைவாகப் பிரிக்கப்படலாகாது. இதில் குடியிருப்பு ஒன்றும் கமத்துக்கு வேண்டிய கொட்டில்களும் தவிர வேறு கட்டடம் எழுப்பலாகாது. செம்மண்ணும் கல்லும் அகழ்ந்து வெளியே கொண்டுபோகலாகாது. கிணறு மூடப்படலாகாது, குழாய்க்கிணறு அடித்துத் தண்ணீர் விற்கலாகாது. கிளுவை, பூவரசு வேலியை எடுத்து மதில் கட்டலாகாது. இன்ன அமைப்பு ஆண்டுக்கு ஒருமுறை முன்னறிவித்தலோடு வந்து பார்க்கலாம். ஆறு வரிதான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாட்டில் மாரிமழை ஒன்றுதான் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நமக்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகிறது. தோட்டம் சீமெந்தாகிவிட்டால் அந்த மழை கடலுக்குத்தான் போகும். எனவே இந்த ஆறு வரியும் ஓர் ஊரின் தண்ணீர்ப் பத்திரம்.

அரசிடம் கேட்க வேண்டியது: பேணல் உரிமையை அருகில் காணி இல்லாத அறநிலையமும் பெறலாம் என்று சொல்லும் குறுகிய சட்டம் ஒன்று, அதைக் காணிப் பதிவகத்தில் பதிய ஒரு பத்தி, நேர்மையான விலைமதிப்புக்கு உட்பட்ட வரிச்சலுகை. வயலை வேறு தேவைக்கு மாற்ற அனுமதி வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் சொல்கிறது. பெருந்தோட்டங்களைத் துண்டாடுவதைக் கட்டுப்படுத்த 1958இலிருந்து சட்டம் இருக்கிறது. இரண்டும் அனுமதிக் கடிதத்தால் உடைகின்றன. பதியப்பட்ட உரிமை அப்படி உடையாது.

நம்மிடம் கேட்க வேண்டியது: இந்த உரிமையை வாங்கி வைத்திருக்க நம்பகமான ஓர் அமைப்பு. கணக்கைப் பகிரங்கமாக வைக்கும், குடும்பச் சொத்தாக மாறாத, ஆண்டுதோறும் காணியை நேரில் போய்ப் பார்க்கும் அமைப்பு. கோயில் நிர்வாக வழக்குகள் மாவட்ட நீதிமன்றங்களில் எத்தனை ஆண்டு இழுபடுகின்றன என்பதை அறிந்தவர்கள் நாம். ஆகவே பழைய பரிபாலன சபைகளைப் போல் இதையும் அமைத்துவிடக் கூடாது. சொற்பொழிவுக்கு அறக்கட்டளை வைக்கத் தெரிந்த சமூகத்துக்குத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் ஓர் அறக்கட்டளை வைப்பது இயலாத காரியமன்று.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த முறை ஊர்க் காணிக்கு அறுதி உறுதி எழுதவோ, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையிடமிருந்து அற்றோணித் தத்துவம் வாங்கவோ நொத்தாரிசிடம் போகும்போது, ஒரு கேள்வி கேளுங்கள்: "அயற்காணிக்காரரோடு சேர்ந்து, இதைத் துண்டாடாமல் தோட்டமாக வைத்திருக்க ஒரு நிபந்தனை எழுதலாமா?" அவர் முதலில் திகைப்பார். பத்துப் பேர் கேட்டால் படித்துப் பார்ப்பார். நூறு பேர் கேட்டால் சட்டம் வரும். விற்பதற்கு முன் கேளுங்கள் என்பதே இந்தச் சபையிடம் என் வேண்டுகோள்.